சரஸ்வதி பூஜையில் பதினேழு கொலைகள்

எனக்கு எழுபத்து மூன்று வயது. வளர்த்தது ஆறு பேர். பெற்றது நான்கு, மிச்சம் இரண்டு என் தங்கை பிள்ளைகள். ஆறு பேரும் பம்பாயில் படித்து, பம்பாயில் வேலைக்குப் போய், இந்தியில் கோபப்படுகிறவர்கள். ஒருவருக்கும் தமிழ் எழுத்துக்கூட்டப் பொறுமை கிடையாது. மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்கு உண்டு. தாராவியில் எங்கள் வீட்டில் தமிழ்ப் புத்தகம் படிக்கிற ஒரே ஆள் நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதலாமா என்று யோசித்தேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

செம்பூரில் ஒரு அம்மா, நல்ல கொலை வழக்குப் புத்தகங்கள் எவை எவை என்று என்னை எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். கற்பனைக் கதை வேண்டாமாம், நிஜமாக நடந்ததாக இருக்க வேண்டுமாம். பட்டுப்புடவை கட்டி, வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற அம்மா. அவர் எதற்கு என்னிடம் கேட்டார் என்பதைச் சொல்லாமல் புத்தகத்தை மட்டும் சொன்னால் பாதி சாட்சியை விசாரிக்காமல் தீர்ப்பு எழுதினது போல இருக்கும். ஆகையால் முதலிலிருந்தே சொல்கிறேன். எனக்கு அவசரம் இல்லை.

மாட்டுங்காவில் ஒரு ரத்திக் கடையில் இருபத்தாறு வருஷம் காகிதம் பிரித்தேன். ரத்தி என்றால் பழைய பேப்பர். ஆட்கள் வீடு வீடாகப் போய் எடை போட்டு வாங்கி வருவார்கள். நான் சாக்கை விரித்து உட்கார்ந்து, செய்தித்தாள் ஒரு பக்கம், நோட்டு ஒரு பக்கம், அட்டை ஒரு பக்கம் என்று பிரிப்பேன். மாட்டுங்காவில் அப்போது தமிழ் வீடுகள் நிறைய. ஆபீஸ் உத்தியோகக்காரர்கள், அமைதியானவர்கள், படியிறங்கும்போதுகூடச் செருப்புச் சத்தம் கேட்காது. அவர்கள் வீட்டு மூட்டையை அவிழ்த்தால் மேலே பக்திப் பத்திரிகை இருக்கும். அடியிலும் பக்திப் பத்திரிகை இருக்கும். நடுவில் கொலை இருக்கும்.

இருபத்தாறு வருஷத்தில் ஒரு வீட்டிலிருந்தாவது கொலைப் புத்தகம் மூட்டையின் மேலாக வந்து நான் பார்த்ததில்லை. கயிறு கட்டும்போதே யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். பக்திப் பத்திரிகை மடிப்புக் கலையாமல் புதிதாக இருக்கும். நடுவில் இருப்பது புரட்டிப் புரட்டி ஓரமெல்லாம் கறுத்து, சில பக்கங்களில் எண்ணெய்க் கறையோடு இருக்கும். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. "லே ஜா, மௌசி" என்பார். எடுத்துக்கொண்டு போ என்று அர்த்தம். அப்படி எடுத்து வந்ததில் நான் கழித்தது போக மிஞ்சியவை பதினேழு. பாதிக்கு அட்டை கிடையாது. அட்டையில் என்ன பெயர் போட்டிருந்தாலும் நான் வைத்த பெயர்தான் எனக்கு: கிணற்று வழக்கு, தபால்காரர் வழக்கு, உப்பு மூட்டை வழக்கு.

முதல் புத்தகத்தை முடிக்க ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. ஒரு பக்கம் படிப்பதற்குள் ஒரு ஈடு இட்லி வெந்துவிடும். ஆனால் கொலை வழக்கு மெதுவாகப் படிக்கிறவர்களுக்கென்றே எழுதியது. வேகமாகப் படிக்கிறவர்கள் கொலைகாரனைத் தேடிக்கொண்டு ஓடுகிறார்கள். நான் ஒவ்வொரு சாட்சியோடும் உட்கார்ந்து, அவர் சொன்னது சரிதானா என்று யோசித்து, வெற்றிலை போட்டுவிட்டுத்தான் அடுத்தவரிடம் போவேன்.

புத்தகம் வாங்குகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் பக்கத்திலேயே செத்தவளைப் பேரழகி என்று எழுதியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். உயிரோடு இருந்தபோது அவளிடம் யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஓய்வு பெற்ற போலீஸ்காரர் எழுதியதாக இருந்தால் கொலைகாரனைவிட அவர்தான் அதிகப் பக்கங்களில் வருவார். வாங்கலாம், அவருடைய ஜீப்பைப் பற்றி வருகிற இடங்களைத் தள்ளிவிட்டுப் படிக்கலாம். கோர்ட்டில் டைப் அடித்தவர் எழுதியது கிடைத்தால் விடவே விடாதீர்கள். அவர் யாரையும் புகழ மாட்டார், திட்ட மாட்டார், சாட்சி தும்மினாலும் எழுதிவிடுவார். நல்ல புத்தகத்தில் கொலை அரைப் பக்கத்துக்கு மேல் வராது. மீதியெல்லாம் அன்றைக்கு வீட்டில் என்ன குழம்பு, யார் எந்தக் கதவைச் சாத்தினார்கள், எந்தத் துணி கொடியில் இல்லை என்பதாகத்தான் இருக்கும். படித்து முடித்ததும் செத்தவரை நினைத்து ஒருமுறை, கொன்றவனின் தாயை நினைத்து ஒருமுறை மனம் கலங்க வேண்டும். ஒருவரை நினைத்து மட்டும் கலங்கினால் அது அரைப் புத்தகம்.

பதினேழில் முதலாவது கிணற்று வழக்கு. இரண்டு பாகம். ஒரு பெரிய வீட்டில் சின்ன மருமகள் கிணற்றில் கிடக்கிறாள். விழுந்தாளா, தள்ளினார்களா? அதுதான் வழக்கு. துணி வெளுக்கிறவர் வந்து, அந்த வாரம் அந்த வீட்டிலிருந்து ஒரு சேலை குறைவாக வந்தது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார். அந்த ஒரு சேலையில் வழக்கு திரும்புகிறது. மூத்த மருமகளைக் கூப்பிடுகிறார்கள். அவள் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்துவிட்டு வாயைத் திறக்கிறாள். முதல் பாகம் அங்கே முடிகிறது. எழுதியவர் டைப் அடித்தவர்தான் என்றாலும் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர்.

இனி செம்பூர் அம்மா.

என் பேத்தியும் செம்பூர்ப் பையன் ஒருவனும் ஒரே ஆபீஸ். இருவருக்கும் பிடித்துப்போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் தடை இல்லை. அந்த வீட்டில் பையனின் அப்பா சரி என்றுவிட்டார், அம்மாதான் பிடி கொடுக்கவில்லை. பெண்ணைப் பற்றிக் குறை ஒன்றும் இல்லையாம். தாராவி என்று கல்யாணப் பத்திரிகையில் எப்படி அச்சடிப்பது என்பதுதான் கஷ்டமாம். பேத்தி தன் பங்குக்கு எங்கள் வீட்டை உயர்த்தப் பார்த்திருக்கிறாள். "எங்க ஆச்சி நிறையப் படிப்பாங்க ஆன்ட்டி, எல்லாம் சாமி புத்தகம்" என்று போனில் சொல்லிவிட்டாள். எனக்கு அது தெரியாது.

போன சரஸ்வதி பூஜை அன்று மதியம் சூடம் காட்டி முடித்தோம். பூஜையில் என் மருமகளின் தையல் மெஷின், மகனின் ஸ்பேனர் பெட்டி, பேத்தியின் ஆபீஸ் லேப்டாப், எல்லாவற்றிலும் சந்தனம் குங்குமம். நடுவில் புத்தகம் அடுக்க வேண்டும் அல்லவா? பேத்தியின் பள்ளிப் புத்தகங்கள் இருந்தவரை அவை மேலே இருக்கும். அவை ரத்திக்குப் போன பிறகு வீட்டில் இருக்கிற புத்தகம் என் பதினேழுதான். வருஷா வருஷம் அவைதான் கலைவாணி காலடியில் இருக்கின்றன, அவள் ஒன்றும் சொன்னதில்லை. அன்றைக்கு மேலே இருந்த அட்டையில் ஒரு கை, கையில் ஒரு கத்தி, கத்தி நுனியில் ஒரு சொட்டு. மருமகள் வேறு எங்கும் இடம் இல்லாதது போல அந்தச் சொட்டின் மேல் சந்தனத்தை அப்பி அதன் மேல் குங்குமம் வைத்திருந்தாள். படம் இன்னும் பயங்கரமாகிவிட்டது.

இரண்டு மணிக்குப் போன் வந்தது. செம்பூர்க்காரர்கள் மாட்டுங்கா கோயிலுக்கு வந்தார்களாம், அப்படியே நாலு மணிக்கு எங்கள் வீட்டையும் எட்டிப் பார்க்கிறார்களாம்.

பேத்தி போனைக் கீழே வைத்த கையோடு புத்தக அடுக்கைப் பார்த்தாள்.

"ஆச்சி, ப்ளீஸ். அதை எடுத்துக் கட்டிலுக்கு அடியில போட்டுருங்க."

"சூடம் காட்டியாச்சு. நாளைக்கு விடிஞ்சு, விஜயதசமிக்குப் பால் வச்சுக் கும்பிட்ட பொறவுதான் தொடணும். ஒனக்குத் தெரியாதா?"

"சாமி புத்தகம்னு சொல்லி வச்சிருக்கேன் ஆச்சி!"

"யாரைக் கேட்டுச் சொன்ன?"

மருமகள் இடையில் வந்தாள். "அத்தை, ஒரு நாளைக்குத்தானே. சாமி மன்னிச்சிரும். சம்பந்தி மன்னிக்க மாட்டாவ."

"அவிய இன்னும் சம்பந்தி ஆகலை. சாமி ஏற்கெனவே சாமிதான்" என்றேன்.

நான் அசையவில்லை. சாமிக்காக என்றுதான் சொன்னேன். சாமிக்காக மட்டும் இல்லை. முப்பது வருஷம் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்ததைக் கட்டிலுக்கு அடியில் தள்ள எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் மருமகள் ஒரு பச்சை ரவிக்கைத் துணியை எடுத்து அடுக்கின் மேல் போர்த்தினாள். தொடாமல் போர்த்தினாள் என்பதால் நான் அனுமதித்தேன்.

நாலு மணிக்கு வந்தார்கள். பையன் இல்லை, அப்பாவும் அம்மாவும் மட்டும். அந்த அம்மா சேலையைக் கணுக்காலுக்கு மேல் பிடித்துக்கொண்டு எங்கள் சந்தில் நடந்து வந்த விதத்திலேயே பதில் தெரிந்துவிட்டது. அப்பா உயரம், குனிந்து நுழைந்து நிமிர்ந்ததும் மின்விசிறியைப் பார்த்து மறுபடி குனிந்தார். சுண்டல் கொடுத்தோம். காப்பி வந்தது. பேத்தி பச்சைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாட்சிக் கூண்டில் இப்படிப் பார்க்கிறவர்கள் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார்கள்.

அந்த அம்மா எழுந்தார். "நமஸ்காரம் பண்ணிக்கிறேன்" என்று பூஜைக்கு முன்னால் மண்டியிட்டார். புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்று துணியின் ஓரத்தைத் தூக்கினார். பக்திதான், வேறென்ன. கத்தி வெளியே வந்தது.

"இது என்ன?"

அவர் துணியை முழுதாக எடுத்தார். முதுகட்டை இருந்தவற்றின் பெயர்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு பேத்தியைப் பார்த்தார்.

"சாமி புத்தகம்னு சொன்னியேம்மா?"

இந்த இடத்தில் என் மருமகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவளுக்கு என் புத்தகங்களைக் கண்டால் ஆகாது. இருந்தாலும் அன்றைக்கு அவள்தான் முந்திக்கொண்டாள். "சாமி முன்னாடி இருக்கதெல்லாம் சாமி புத்தகந்தானே அண்ணி" என்றாள்.

"ஏற்கெனவே இந்த ஏரியாவுக்கு ஒரு பேர் இருக்கு. டிவியைப் போட்டாலே இங்கதான் கத்திக்குத்து காட்டறாங்க. வீட்டுக்குள்ளயும் அதையே வச்சுப் பூஜை பண்ணணுமா?"

இதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். சொன்னேன்.

"அம்மா, முப்பது வருஷமா நடந்த கொலையா படிக்கேன். எல்லாம் காம்பவுண்டுச் சுவர் வச்ச வீடு. மாடி, தோட்டம், தனித்தனி ரூம். கொலை பண்ணுததுக்குத் தனி ரூம் வேணும்லா? இங்க பாருங்க, ஒரே ரூம்புல ஆறு பேரு. ஒருத்தன் இருமினா அஞ்சு பேரு எந்திரிக்கோம். இங்கன வச்சு யாரு யாரைக் கொல்ல முடியும்?"

அப்பா "ஹோ" என்று சிரித்துவிட்டார். அம்மா திரும்பிப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"சரி, போய்ச் சொல்லி அனுப்பறோம்" என்று எழுந்தார்கள். பெண் பார்க்க வந்த வீட்டில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். பேத்தி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆனால் நான் ஒன்றைக் கவனித்தேன். செருப்பை மாட்டிக்கொண்டே அந்த அம்மா இன்னொரு முறை உள்ளே பார்த்தார். கழுத்தை வலது பக்கம் சாய்த்துப் பார்த்தார். சாய்ந்து கிடக்கிற எழுத்தைப் படிக்க வேண்டும் என்று ஆசை இருக்கிறவர்கள்தான் கழுத்தைச் சாய்ப்பார்கள். அருவருப்புப் பட்டவர்களுக்குக் கழுத்து நேராகத்தான் இருக்கும். அந்தப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தது கிணற்று வழக்கு, முதுகட்டையில் கிணறு என்று பெரிதாகப் போட்டது.

மறுநாள் விஜயதசமி. பூஜையிலிருந்து எடுத்த புத்தகத்தில் நாலு வரியாவது வாசிக்க வேண்டும் என்பது முறை. அழுது வீங்கின கண்ணோடு பேத்தி மேலே இருந்ததைப் பிரித்து எழுத்துக்கூட்டினாள். அந்த நல்ல நாளில் அவள் வாயிலிருந்து வந்த முதல் சொல் 'பிணம்'.

"இதுக்கு மேல என்ன ஆச்சி நடக்கணும்?" என்று மூடி வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் பையன் அவளுக்குப் போனில் எழுதியிருந்தான். அம்மா கேட்கச் சொல்லவில்லையாம், ஆனால் இரண்டு நாளாக அந்தக் கிணற்றுப் புத்தகத்தைப் பற்றியே பேச்சாம், கிடைக்குமா என்று கேட்டிருந்தான்.

பேத்திக்கு உயிர் வந்தது. "ரெண்டு பாகத்தையும் குடுத்துருங்க ஆச்சி. சந்தோஷமாப் படிக்கட்டும்."

"முதல் பாகம் மட்டும் போதும்."

"ஏன்?"

"ரெண்டையும் குடுத்தா படிச்சு முடிச்சுப் பையன் கையில திருப்பிக் குடுத்து விட்டுருவாவ. கதை முடிஞ்சிரும். நம்ம கதையும் முடிஞ்சிரும்."

"என் வாழ்க்கையை வச்சு விளையாடறீங்க!"

"ஒன் வாழ்க்கைன்னுதான் வெளையாடுதேன். வேற யாருக்காவது நான் புத்தகத்தைக் கையை விட்டுக் குடுப்பேனாட்டி?"

மேலே ஒரு பக்திப் பத்திரிகை, கீழே ஒரு பக்திப் பத்திரிகை, நடுவில் முதல் பாகத்தை வைத்துக் கயிறு போட்டுக் கட்டினேன். மாட்டுங்காவில் எப்படிக் கட்டுவார்களோ அப்படியே. பேத்தி ஆபீஸுக்கு எடுத்துப் போய்ப் பையனிடம் கொடுத்தாள்.

அதற்கப்புறம் பன்னிரண்டு நாள் ஒரு சத்தமும் இல்லை. பேத்தி என்னோடு பேசுவதை நிறுத்தினாள். சோற்றைத் தட்டில் அளைந்துவிட்டு எழுந்தாள். மருமகள் என் காது கேட்கும்படி பாத்திரத்தை வைத்தாள். நானும் கல்நெஞ்சுக்காரி இல்லை. எட்டாம் நாள் இரண்டாம் பாகத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து, கொடுத்து விடலாம், கழுத்தைப் பார்த்துத் தப்பாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டேனோ என்று மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கழுத்துச் சுளுக்குக்கூட அப்படிச் சாயும். வழக்குப் புத்தகங்களில் தப்பான ஆளைப் பிடித்து உள்ளே வைத்த கதையும் நிறைய இருக்கிறது. பிறகு, மூத்த மருமகள் வாயைத் திறந்தபடி நிற்கிறாளே, அதை யாரால் தாங்க முடியும் என்று நினைத்துக்கொண்டு மறுபடி பெட்டியில் வைத்தேன்.

பதின்மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பதினோரு மணிக்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அந்த அம்மா தனியாக வந்தார். சாதாரணச் சேலை. இந்தத் தடவை அதைத் தூக்கிப் பிடிக்கவில்லை, கையில் பொட்டலம் இருந்தது. உட்காருவதற்கு முன்னாலேயே பேசினார்.

"அந்த மூத்த மருமக பொய் சொல்றா. இல்லையா?"

"அவ இன்னும் வாயவே தொறக்கலியே. அதுக்குள்ள எப்படிப் பொய் சொல்லுவா?"

"முகத்தைப் பார்த்தாலே தெரியறதே!"

"புத்தகத்துல முகம் எங்கன இருக்கு?"

"எனக்குத் தெரியும். எனக்கும் ஒரு ஓர்ப்படி இருந்தா."

அப்படி ஆரம்பித்த பேச்சு இரண்டு மணி நேரம் ஓடியது. அவருக்கு அந்தத் துணி வெளுக்கிறவர் மேல் நம்பிக்கை இல்லை. எனக்கு உண்டு. சண்டையே போட்டோம். நடுவில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: கல்யாணம் ஆகி வந்த புதிதில் மாட்டுங்காவில் மாமியார் வீட்டு ஸ்டோர் ரூமில் இந்த மாதிரிப் புத்தகம் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்ததாம். அடுப்பில் எண்ணெய் காய்கிறபோது திருட்டுத்தனமாகப் படிப்பாராம். ஒருநாள் மாமனார் எல்லாவற்றையும் ரத்திக்குப் போட்டுவிட்டாராம். பாதியில் விட்டது இன்னும் நெஞ்சில் நிற்கிறது என்றார். எந்தத் தெரு என்று நான் கேட்கவில்லை. சில கேள்விகளை வக்கீலே கேட்காமல் விடுவதுண்டு.

பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "அப்போ, அந்த ரெண்டாவது பாகம்?"

நான் உள்ளே போனேன். எங்கள் வீட்டில் உள்ளே என்பது திரைக்குப் பின்னால். எவர்சில்வர் தட்டை எடுத்து வெற்றிலை பாக்கு வைத்தேன், ஒரு முழம் பூ வைத்தேன், பக்கத்தில் இரண்டாம் பாகத்தை வைத்தேன். கொண்டு வந்து அவர் முன்னால் பிடித்துக்கொண்டு நின்றேன். திரைக்குப் பின்னால் பேத்தி மூச்சு விடாமல் நிற்பது எனக்குத் தெரிந்தது. அந்த அம்மாவுக்கும் தெரிந்திருக்கும், எங்கள் திரை அவ்வளவு மெல்லியது.

"புத்தகம் இருக்கு. நாளும் பாத்துருவமா?" என்றேன்.

அந்த அம்மா தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுக்குப் பேர் மிரட்டல். செக்‌ஷன் எல்லாம் இருக்கு."

"இல்ல சம்பந்தி. இதுக்குப் பேர் தாம்பூலம்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அப்புறம் திரையைப் பார்த்து, "வெளில வா. பத்திரிகைல தாராவின்னுதான் போடணும், சுத்தி வளைச்சு மறைக்க வேண்டாம்னு உன் மாமனார் சொல்லியாச்சு. நீ என்ன சொல்றே?" என்று கேட்டார். மாமனார் என்ற சொல்லை அவர் வேண்டுமென்றே போட்டாரா, தன்னை அறியாமல் வந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தீரவில்லை. இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார். வெற்றிலையை ஓரமாகத் தள்ளிவிட்டுப் புத்தகத்தைத்தான் முதலில் எடுத்தார்.

தை மாதத்தில் நாள் குறித்தாகிவிட்டது. இரண்டாம் பாகத்தை அவர் நாலே நாளில் முடித்துவிட்டார். மூத்த மருமகள் விஷயத்தில் யார் சொன்னது சரி என்பதை இங்கே எழுத மாட்டேன், நீங்கள் படித்துக்கொள்ளுங்கள். எழுதினால் ஒருத்தருக்கு மானக்கேடு. அது நான் இல்லை என்பதை மட்டும் சொல்லலாம்.

அடுத்து எதைப் படிப்பது என்று கேட்டு அவர்தான் எழுதச் சொன்னார். ஆகவே சம்பந்தி, கிணற்றுக்கு அப்புறம் தபால்காரர் வழக்கு, அதில் நல்லவர்கள் மூன்று பேர் வருகிறார்கள், மூவரையும் நம்பாதீர்கள். அதற்கப்புறம் உப்பு மூட்டை. அதைச் சாப்பிட்ட உடனே படிக்க வேண்டாம். கத்தி அட்டை போட்டது பதினேழிலேயே மட்டமானது, முதல் பக்கத்தில் பேரழகி வருகிறாள். அட்டையைப் பார்த்துத்தானே அன்றைக்கு அவ்வளவு பேச்சுப் பேசினீர்கள்? புத்தகங்களை ஒவ்வொன்றாகத்தான் அனுப்புவேன். பெண்ணைப் பார்க்க நானும் செம்பூருக்கு வந்து போக வேண்டும் அல்லவா?

எழுதி முடித்துவிட்டேன். ஏட்டி, அந்த லேப்டாப்பை மூடிவிட்டு இங்கே வந்து என் பக்கத்தில் உட்கார். இதை வாங்கி முதல் வரியிலிருந்து சத்தமாக வாசித்துக் காட்டு. எழுத்துக்கூட்டியே வாசி, இட்லி வேகிறவரை நேரம் இருக்கிறது. கல்யாணத்தை நிறுத்துகிற மாதிரி எந்த இடமாவது வந்தால் அங்கே நிறுத்திச் சொல்லு. எடுத்துவிடலாமா என்று யோசித்துப் பார்க்கிறேன்.